போல்டியின் உதட்டோரக் கறை

அந்த வருஷம் வியன்னாவில், பத்திரிகையில் வந்த ஒரு விமரிசனத்தால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

கல்யாணப் பெண் போல்டி. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள். மாப்பிள்ளை ஓட்டோகர், டிராமில் டிக்கெட் கொடுக்கிறவன். ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. அதற்குள் வந்து சேர்ந்தது அந்தப் படம்.

வேலை இல்லாத நாட்களில் போல்டி, ரோஸல் என்ற ஓவியருக்கு மாடலாக இருப்பாள். அந்த மனிதர் வரைகிற விதமே தனி. ஆளைத் தரையில் படுக்கச் சொல்லிவிட்டு, தான் ஏணி மேல் ஏறிக்கொண்டு வரைவார். பாய், தலையணை, கையில் இருக்கிற பொருள் எதையும் வரையமாட்டார். வெற்றுத்தாளில் ஆள் மட்டும் கோணலும் மாணலுமாகக் கிடக்கும். முடித்ததும் காலடியில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து கீழே வரும்படி படத்தை மாட்டினால், படுத்திருந்தவள் நின்றவள் ஆகிவிடுவாள். அவருடைய ஓவியர் கூட்டத்துக்கு அதுதான் புதுமை.

போல்டியின் படம் தொங்கிய கண்காட்சியைப் பார்த்த விமரிசகர் ஒருவர் எழுதித் தள்ளிவிட்டார்: "கால் பாவ மண்ணில்லாமல் அந்தரத்தில் தவிக்கிறாள் நம் காலத்துப் பெண். வானத்தைப் பிறாண்டும் கை. கடைசி மூச்சுக்குத் திறந்த வாய். உதட்டோரத்தில் க்ஷயம் கக்கிய ரத்தம்." கீழே படத்தின் பெயர்: 'இஸ்திரிக்காரி போல்டி.'

பத்திரிகை ஓட்டோகரின் அம்மா கைக்குப் போனது. பிளாஹூட் அம்மாள் சந்தையில் கிராப்ஃபன் சுட்டு விற்கிறவள். உள்ளே ஆப்ரிகாட் ஜாம் வைத்து நெய்யில் பொரித்த உருண்டைப் பணியாரம் அது. அவளுடைய புருஷன் அந்த க்ஷயரோகத்தில்தான் போய்ச் சேர்ந்தார். அந்த வார்த்தையைக் கேட்டாலே சிலுவை போட்டுக்கொள்வாள்.

"கல்யாணம் கிடையாது. இருமல் சத்தத்தோட ஒரு தடவை குடும்பம் நடத்தினது போதும். எம் புள்ளைக்கு அது வேண்டாம்" என்றாள்.

"டாக்டர்கிட்ட போயிட்டு வரேன் அம்மா. சீட்டு வாங்கிட்டு வரேன்."

"எங்க வீட்டுக்காரருக்கும் டாக்டர் சீட்டு கொடுத்தாரு. அடுத்த மாசம் அவரைப் புதைச்சேன்."

போல்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓட்டோகரோ அம்மாவுக்கு முன்னால் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்.

"ஒரே ஒரு தடவை வந்து அந்தப் படத்தை உங்க கண்ணால பாருங்க. பார்த்துட்டு வேண்டாம்னா வேண்டாம், நான் விலகிடறேன்" என்றாள் போல்டி.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசை முடிந்து மூவரும் கண்காட்சிக்குப் போனார்கள். கெட்ட நேரத்துக்கு, அந்த விமரிசகரே படத்துக்கு முன்னால் நின்று ஏழெட்டுப் பெண்மணிகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். "கூந்தல் நாலாபுறமும் பறக்கிறது பாருங்கள். உள்ளே அடிக்கிற புயல்!" பெண்மணிகள் உச்சுக்கொட்டினார்கள்.

"புயலும் இல்லை, மழையும் இல்லை. நான் தரையில படுத்திருந்தேன் ஐயா. படுத்தா முடி பரவாம மேலேயா நிக்கும்?" என்றாள் போல்டி.

விமரிசகர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "மாடலுக்குத் தன் ஆன்மா தெரிவதில்லை" என்று அந்தப் பெண்மணிகளிடம் சொன்னார்.

அட, இப்படி ஒரு மனிதரா! போல்டி பிளாஹூட் அம்மாள் பக்கம் திரும்பினாள். "ஈஸ்டர் நோன்புக்கு முந்தின கார்னிவல் திருவிழா சமயம் அம்மா அது. எனக்கு ஒரே பசி. கிராப்ஃபனைக் கடிச்சேன், ஜாம் வாயோரம் வழிஞ்சுது. துடைக்கப் போனா, ஏணி மேலேர்ந்து 'அசையாதே, அசையாதே'ன்னு அவர் குதிக்கிறாரு, ஏணி ஆடுது. சிரிப்பை அடக்க முடியலை. பாவாடையில ஜாம் படக்கூடாதுன்னு கிராப்ஃபன் பிடிச்ச கையை மட்டும் தலைக்கு மேல நீட்டிக்கிட்டேன். அவ்வளவுதான் அம்மா."

"நோவை மறைக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் சிரிச்சேன், விளையாடினேன்னு சொல்வாங்க" என்றாள் பிளாஹூட் அம்மாள். ஆனால் பேசும்போதே அவள் கண் படத்தில் இருந்தது. முதலில் வாயைப் பார்த்தாள். கிட்டே போனாள். படத்துக்குப் போட்டிருந்த கண்ணாடியில் அவள் மூக்கு முட்டியது. பிறகு வானத்தைப் பிறாண்டிய கையையே வெகுநேரம் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆணியிலிருந்து தூக்கினாள். மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கைகள் அவை. காவலாளி ஓடிவருவதற்குள் படம் பெஞ்சின் மேல் மல்லாந்து கிடந்தது.

"யேசு மரியே! இப்போ எல்லாரும் குனிஞ்சு பாருங்க" என்றாள்.

எல்லோரும் குனிந்தார்கள். அந்தரத்தில் தவித்தவள் சுகமாகத் தரையில் படுத்திருந்தாள். பறந்த கூந்தல் தலையைச் சுற்றிப் பரவியிருந்தது. கடைசி மூச்சு விட்ட வாய் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கறையைப் பாரு. ரத்தம் என்னிக்காவது ஆரஞ்சு நிறத்துல இருக்குமா? எத்தனை ராத்திரி துடைச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? இது ஆப்ரிகாட்." அவள் விரல் கண்ணாடி மேல் நகர்ந்து படத்திலிருந்த கைக்குப் போனது. "அப்புறம் இந்தக் கை. பிறாண்டற கையில கட்டைவிரல் இப்படியா விலகி நிக்கும்? அஞ்சு விரலையும் இவ்வளவு அகலமா விரிச்சுத்தான் பிடிக்கணும்னா, இந்த ஊர்லயே அவ்வளவு பெரிய கிராப்ஃபன் ஒருத்திதான் சுடறா. அது நான்."

சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆனா இவ எங்கிட்ட வாங்கவே இல்லையே. டேய் ஓட்டோ! கார்னிவல் வெள்ளிக்கிழமை தட்டுல ஒண்ணு காணாமப் போச்சுன்னு பக்கத்து வீட்டுப் பூனையைத் துடைப்பத்தால அடிச்சேனே..."

ஓட்டோகரின் காது சிவந்தது. "சூடா இருந்துச்சும்மா. இவளுக்குப் பிடிக்குமேன்னு..." என்று இழுத்தான்.

முதலில் சிரித்தது காவலாளிதான். பிறகு பெண்மணிகள், பிறகு போல்டி. அவள் சிரித்த சிரிப்பு பெஞ்சில் கிடந்தவள் சிரிப்பேதான், அச்சு அசல். விமரிசகர் குறிப்பேட்டை மூடிவிட்டு, குனிந்தபடி படத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அப்படியும் பார்க்கலாம்தான்" என்றார். பாவம், சிரிப்பை அடக்கியதில் அவருக்கும் உதடு துடித்தது.

பிளாஹூட் அம்மாள் போல்டியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் சிவந்த கன்னம், கண்ணில் சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்.

"காலுறையில ஓட்டை இருக்கு. படத்துல வரைஞ்சிருக்கான் பாவி. கல்யாணத்துக்கு முன்னால அதைத் தைச்சுடு" என்றாள். பிறகு போல்டியின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். "இனிமே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடு கண்ணு. படுத்துக்கிட்டு சாப்பிட்டா புரையேறும்."