எருமை போட்ட அலை

அந்தப் படகுக்கு எருமை என்று பேர் வைத்தவள் தங்கை. பேர் பொருந்தித்தான் போயிற்று. பின்பக்கத்தைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இனி எழுந்திருக்கிற எண்ணமே இல்லை என்பது போல ஏரியில் கிடக்கும். ஆனால் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்து மெல்ல வேகம் ஏற்றினால், அதன் வாலுக்குப் பின்னால் இடுப்புயர அலை ஒன்று எழும்பும். எழும்பின அலை உடையாமல் படகோடு கூடவே வரும். கயிற்றைப் பிடித்துப் பலகையில் எழுந்து நின்று, கால் ஊன்றியதும் கயிற்றை விட்டுவிட்டு, படகுக்குப் பத்தடி பின்னால் அந்த அலை தள்ளத் தள்ளச் சறுக்க வேண்டும். இதற்குத்தான் வேக் சர்ஃபிங் என்று பேர். இதற்கென்று ஏரிக்கரையில் இருவரும் ஒரு பள்ளி நடத்துகிறார்கள்; கற்றுக்கொடுப்பது தங்கை, ஓட்டுவது அக்கா. படிக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் 'ஸ்டியரிங் அக்கா'.

பேருந்துப் பணிமனையில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்தவள் அவள். பணிமனையை இழுத்து மூடியதும் இந்தப் படகை வாங்கினாள். வாங்கும்போதே பழசு. நீர்ச்சறுக்குக்காரர்களை இழுப்பதற்காக, பின்னால் அலையே எழும்பக் கூடாது என்று கட்டின படகு. அதைப் போய் அலை போட வைக்க வேண்டுமென்றால் லேசா? தரைக்கு அடியில் மூன்று பெரிய ரப்பர் பைகளை வைத்தாள். ஏரித் தண்ணீரை உறிஞ்சி அவற்றை நிரப்ப மூன்று பம்புகள். ஒன்றரை டன் தண்ணீர் ஏறினால்தான் எருமை வாலை அமுக்கும். நாலு வருடத்துக்கு முன் பின்புறத்தில் கீல் வைத்து ஓர் எஃகுத் தகட்டையும் தொங்கவிட்டாள். அதற்கு முன்னால் வந்துகொண்டிருந்ததை, "இது அலையா, சட்டியில கொதிக்கிற தண்ணியா?" என்று தங்கை கேலி செய்வாள். தகடு வந்த பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று வருடம் நன்றாகப் போயிற்று. பிறகு, எதிர்க்கரையில் இதே போலப் பள்ளி நடத்துகிற எதிர்க்கரைக்காரர் புதுப் படகு வாங்கினார். அவருக்கும் இவர்களுக்கும் படகு நிறுத்தும் இடத்தைப் பற்றி ஏதோ ஒரு சண்டை வந்து, பேச்சு நின்று ஐந்தாறு வருடம் ஆகிறது. அவருடைய புதுப் படகில் இடது காலை முன்னால் வைக்கிறவருக்கு ஒரு பக்கம், வலது காலை வைக்கிறவருக்கு மறுபக்கம் என்று, ஒரு பட்டனைத் தட்டினால் அலை பக்கம் மாறிவிடும். எருமையில் அதற்கு ஒரு பையைக் காலி செய்து இன்னொன்றை நிரப்ப வேண்டும். இருபது நிமிடம். அதுவரை ஆட்கள் நனைந்த ரப்பர் உடையில் கையைக் கட்டிக்கொண்டு எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அக்கா, புதுசு வாங்கிடலாம்" என்றாள் தங்கை. கொட்டகையின் முன்னறையில், கொடியில் உடைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன், இது ஓடலையா?"

"ஓடுது. ஆனா அது உன் கைக்கு மட்டும்தான் ஓடுது. ஒருநாள் உனக்கு ஜுரம்னா பள்ளிக்கூடத்துக்கே லீவு. புதுசுன்னா யார் வேணாலும் ஓட்டலாம். வேகத்தைக்கூட அதுவே பாத்துக்கும்."

யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்ற வார்த்தை அக்காவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. பள்ளியில் இருவரும் பங்குதாரர்கள். வாங்குவதென்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைகீழாக நின்றாலும் போட மாட்டேன் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

ஆனாலும் புதுப் படகு ஒன்றை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். விற்பனையாளர் கஞ்சி போட்ட தொப்பியோடு வந்து திரையை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அக்கா குறை தேடினாள். இருக்கை ரொம்ப மெத்தென்று இருக்கிறது என்றாள். எதற்கெடுத்தாலும் 'பீப் பீப்' என்று கத்துகிறது என்றாள். ஆனால் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்த அலைக்கு அவளால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. தங்கை அதன்மேல் முக்கால் மணி நேரம் நின்றாள். இறங்கி வந்தும் வாய் ஓயவில்லை. வழக்கமாக வகுப்பு முடிந்தால் நெற்றியில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் சுருண்டுவிடுகிறவள். வெயில் என்பாள், வயசு என்பாள், கண்ணுக்குப் பவர் ஏறிவிட்டது என்று கண்ணாடிகூட மாற்றியிருந்தாள். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டு ஆள் சாப்பாட்டை ஒருத்தியே சாப்பிட்டாள்.

புதுசைப் பார்த்ததும் தலைவலி எல்லாம் பறந்துவிட்டது போல என்று அக்கா நினைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம், படிக்க வருகிறவர்களில் ஒருவரான தீயணைப்பு வீரர் வந்தார். ஆறடி உயரம், மலை மாதிரி உடம்பு. நாலு மாதமாகக் கற்றுக்கொண்டும் கயிற்றை விடப் பயம். அன்றைக்கு அவருக்கு வேகம் பிறந்துவிட்டது. விழுந்து விழுந்து எழுந்து, ஒரு மணி நேரம் தண்ணீரிலேயே கிடந்தார். காற்று பின்னாலிருந்து, படகு போகிற திசையிலேயே, படகின் வேகத்துக்கே வீசிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்ததும் மனிதர் குனிந்து வாந்தி எடுத்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றாள் அக்கா.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் துண்டோடு படுத்திருந்த தங்கையைப் பார்த்தார்.

"இவங்களுக்கு இப்படி எவ்வளவு நாளா தலைவலி?"

"அது ரொம்ப நாளா இருக்குங்க. வெயில்..."

"இப்ப எனக்கும் தலை இடிக்குது. இந்தத் தலைவலி எனக்குத் தெரியும்க்கா. மூடின வீட்டுல நெருப்பு அணைச்சிட்டு வெளிய வந்தா இதே மாதிரிதான் இருக்கும். இன்னிக்கு வேற யாரையும் பின்னால இறக்காதீங்க. நாளைக்கு ஒரு மீட்டர் கொண்டு வரேன்."

மறுநாள் அவர் கொண்டுவந்தது உள்ளங்கை அளவுக் கருவி. கார்பன் மோனாக்சைடை அளப்பது. என்ஜின் புகையோடு வரும், வாசனையும் நிறமும் இல்லாத விஷவாயு அது என்றார். அதை நீளமான கழியின் நுனியில் கட்டி, சர்ஃப் செய்கிறவரின் முகம் இருக்கும் உயரத்தில் பின்னால் நீட்டிப் பிடித்தார். தங்கை வழக்கம்போலப் பின் சீட்டில் உட்காரப் போனாள். அவர் அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டார்.

பைகளை நிரப்பி, தகட்டை இறக்கி, அக்கா வேகம் ஏற்றினாள். அலை எழும்பியது. அழகான அலை.

"முப்பத்தஞ்சு. இதைத் தாண்டினாலே ஆபத்து" என்றார் அவர். கருவி கத்த ஆரம்பித்தது. "அறுபது... நூத்தி நாப்பது... காத்து பின்னாலருந்து வருது பாருங்க. இருநூறைத் தாண்டிடுச்சு."

அக்கா நடு ஏரியில் என்ஜினை நிறுத்தினாள். அலை படகைத் தாண்டி முன்னால் போய் அடங்கியது. கருவி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கத்தியது.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருடம் என்ஜின்களோடு புழங்கியவள். எருமையின் புகைக்குழாய் பின்பக்கத்தில் திறக்கிறது. ஒன்றரை டன் தண்ணீரை ஏற்றி அந்தப் பக்கத்தை அமுக்கினது அவள். புகை பக்கவாட்டில் கலைந்து போக இருந்த வழியைத் தகடு வைத்து அடைத்ததும் அவள். படிக்க வருகிறவர்கள் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். தங்கையோ பின் சீட்டில் உட்கார்ந்தும், தண்ணீரில் கிடந்தும், நாள் முழுக்க அந்தப் புகைக்குள்ளேயே இருந்திருக்கிறாள். தகட்டை மாட்டி நாலு வருடம். கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினோமே, என்னத்தைப் பார்த்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"ஏய், நீ என்ன வேணும்னேவா பண்ணுன?" என்றாள் தங்கை, அவள் முகத்தைப் பார்த்து.

"பேசாதடி. முதல்ல டாக்டர்கிட்ட போலாம்."

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். நிரந்தரமாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை, புகையிலிருந்து விலகினால் தலைவலியும் விலகிவிடும் என்றார். அப்படியே ஆயிற்று. இரண்டே வாரத்தில் தங்கை பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்து, "இதுவே நல்லாத்தான் தெரியுது" என்றாள். அக்கா கொட்டகையின் பின்னறைக்குப் போய் ஸ்பானர்களை அடுக்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அக்கா புதுசுதான் வேண்டும் என்றாள். தங்கை வேண்டாம் என்றாள்.

"ஒரு குழாய்தானேக்கா பிரச்சினை? அதை மாத்திட்டாப் போச்சு. இந்த ஒரு காரணத்துக்காக நீ எருமையை விட வேணாம்."

"உன் உயிர் ஒரு காரணமா?"

"நான்தான் நல்லா இருக்கேனே! நீ உன்னைத் தண்டிச்சுக்கணும்னு படகு வாங்குவியா? அப்படி வாங்குற படகு எனக்கு வேணாம்."

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபத்தோடு வேலையில் இறங்கினாள். புகையைத் தண்ணீருக்கு அடியில், உந்துவிசிறி கிளப்பும் ஓட்டத்துக்குள் கொண்டுபோய் விடும்படி வளைகுழாய் ஒன்றைப் பற்றவைத்துப் பொருத்தினாள். கூடவே, சொந்தமாக ஒரு மீட்டரும் வாங்கினாள். அதே மாதிரி காற்று வீசின நாளாகப் பார்த்து அளந்தாள். ஒன்பது. அடுத்த நாளே மீட்டரும் கழியுமாக விற்பனையாளர் முன்னால் போய் நின்றாள்.

"இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லைங்க" என்றார் அவர், தொப்பியைக் கழற்றி.

"நான் கேக்குறேன். வண்டிய எடுங்க."

புதுப் படகில் பதினொன்று. மறுபடியும் அளந்தார்கள். அதேதான்.

ஆக, புகையை வைத்து இதுவா அதுவா என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். விற்பனையாளர் தூரத்தில் யாருடனோ பேசுவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"பாத்தியா? எருமைதான் சுத்தம்" என்றாள் தங்கை. "வா, வீட்டுக்குப் போலாம்."

அக்கா எழுந்திருக்கவில்லை. வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் தோள் போச்சுடி" என்றாள்.

"என்னது?"

"எட்டு மாசமா. எருமை ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும், உனக்குத் தெரியாது. பை நிரம்பினப்புறம் திருப்ப உயிர் போகுது. காலையில தலை சீவ முடியல. சொன்னா, யார் வேணாலும் ஓட்டலாம்னு சொன்னியே, அந்த யாரையாவது கூட்டிட்டு வந்துடுவியோன்னு பயம்."

தங்கை அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்; நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குத் தோளு, எனக்குத் தலை. ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. நல்ல பள்ளிக்கூடம் நடத்துறோம் போ!" என்றாள். "பைத்தியமே, வேற ஆளை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? பட்டன் அலை போடும். எவன் பயந்து கயித்தை விடாம இருக்கப் போறான், எவனை இன்னும் ரெண்டு தரம் இழுத்தா நிப்பான்னு உனக்குத்தானே தெரியும்? உனக்கு ஜுரம்னா நீ படுத்து எந்திரிக்கணுமேன்னு சொன்னேன். அதைப் போய் இப்படிப் புரிஞ்சுக்கிட்டியே."

"ஒழுங்காச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஒழுங்காக் கேட்டிருக்கலாம்ல?"

விற்பனையாளரைக் கூப்பிட்டார்கள். அக்கா முதலில் கையெழுத்துப் போட்டாள். தோள் வலியில் எழுத்து கோணலாக விழுந்தது. எருமையிலிருந்து பைகளையும் தகட்டையும் கழற்றிவிட்டு, நீர்ச்சறுக்கு விளையாடும் ஒரு தம்பதிக்கு விற்றார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, மீட்டர் வைத்துக் காட்டின பிறகுதான் அக்கா சாவியைக் கொடுத்தாள்.

அவளுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. எதிர்க்கரைக்காரரிடம் ஒரே ஒரு புதுப் படகுதான். புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு அவரும் பை வைத்துக் கட்டின பழைய படகு இரண்டை ஓட்டிக்கொண்டிருந்தார். அவற்றின் பின் சீட்டில் உட்கார்ந்து பாடம் எடுப்பவள் அவருடைய மகள்.

ஒரு காலைப்பொழுதில் அக்கா கழியோடு அவருடைய படகுத்துறையில் இறங்கினாள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன, கழியெல்லாம் எடுத்துக்கிட்டு? சண்டைக்கா?"

"இல்லண்ணே. உங்க பொண்ணுக்குத் தலைவலி வருதா?"

அவர் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "ஏன் கேக்குற?" என்றார். குரல் மாறிவிட்டிருந்தது. "சாயங்காலமானா வருதுன்னு சொல்லும். நான்தான் ஃபோனைப் பாக்காதேன்னு திட்டுவேன்."

அளந்தார்கள். முதல் படகில் நூற்றெண்பது. அவர் எண்ணைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பலகையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்காவும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"குழாய் போட்டா சரியாயிடுங்க. ரெண்டு நாள் வேலை" என்றாள். "ஆனா எங்க படகுக்குப் போட்டதோட சரி, இனி என் தோளால முடியாது. நான் சொல்லச் சொல்ல நீங்கதான் குனிஞ்சு மாட்டணும்."

அவர் எழுந்து, சட்டையைக் கழற்றித் தூணில் மாட்டிவிட்டு, "எந்த ஸ்பானர் வேணும்?" என்று கேட்டார்.