பயமுறுத்தாத பெட்டி

தருமபுரத்தில் சிவலட்சுமியக்கா தன் வீட்டுப் படலையைப் பாதி திறந்தார். குகதாசனின் கையிலிருந்த மஞ்சள் பெட்டியைக் கண்டதும் அந்தப் பாதியையும் மூடிவிட்டார்.

"கரண்ட் வேலை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம் அக்கா. எர்த் கம்பி அடிச்சு அளக்க வேணும். அது சரிவராட்டில் மின்சார சபைக்காரர் லைன் தரமாட்டினம்" என்றான் குகதாசன்.

"அப்ப அந்தப் பெட்டி என்னத்துக்கு?"

அந்தப் பெட்டி எங்கள் பெருமை. தொழில்நுட்பக் கல்லூரியை முடித்துக் குகனும் நானுமாகத் தொழில் தொடங்கிய முதல் வருடம், எங்கள் மீற்றர்கள் ரைஸ் குக்கர் வந்த மட்டைப்பெட்டியில்தான் பயணம் செய்தன. பாதி வீடுகளில் குக்கர் வேண்டாம் என்று சொல்லியே எங்களை அனுப்பிவிட்டார்கள். பிறகு கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்று வேலை முடிந்து பொருட்களை விற்றபோது இந்த மஞ்சள் பெட்டி கிடைத்தது. தண்ணீர் புகாது. யானை ஏறினாலும் நசியாது. உள்ளே தடித்த ஸ்பொஞ்ச். மீற்றருக்கு ஒரு இடம், வயருக்கு ஒரு இடம், மண்ணில் குத்தும் இரண்டு கூர்க்கம்பிகளுக்கு ஒரு இடம் என்று அளந்து வெட்டியவன் நான். பூநகரி வீதியில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாலும் மீற்றர் நித்திரை குழம்பாமல் வந்து சேரும்.

"மெசின் ஒண்டும் என்ர வளவுக்க வேண்டாம். போங்கோ."

சந்திவரை வந்துவிட்டோம். பின்னாலேயே ராஜினி சைக்கிளில் வந்தார். சிவலட்சுமியக்காவின் மச்சாள், எங்களுக்கு இந்த வேலையைப் பிடித்துத் தந்தவர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"கோவிக்காதேங்கோ தம்பியவை. மச்சாளின்ர பிள்ளை அந்த வளவுக்கதான் கிடக்கு. ரெண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தை மாசம், செல் விழுந்து செத்தது. நாலு வயசுப் பொம்பிளைப்பிள்ளை. குழி வெட்டித் தாட்டுப்போட்டு அண்டைக்கே ஊரை விட்டு வெளிக்கிட்டதுகள். திரும்பி வந்து அந்த இடத்தை மறைச்சு, அதுக்கு மேலதான் குசினி போட்டவா. மிதிவெடி எடுக்கிறவை இதே மஞ்சள் பெட்டியோட வந்து, அதிலயும் பாக்கவேணும் எண்டவை. மூண்டு நாள் அடுப்பை நூரவிடாமல் எரிச்சுக்கொண்டு அதிலேயே இருந்தவா, அவை போகும் மட்டும். கிண்டினால் கோர்ட்டு, கச்சேரி எண்டு பிள்ளையைக் கொண்டுபோயிடுவினம் எண்ட பயம்."

போகும்போது, "நான் சொன்னதெண்டு தெரியக்கூடாது" என்றார்.

"பெட்டியை ரோட்டில வைச்சிட்டு மீற்றரைச் சேட்டுக்குள்ள வைச்சுக் கொண்டுபோவமோ?" என்று கேட்டேன்.

"ஒளிச்சுக் கொண்டுவந்தாங்கள் எண்டு கண்டால், பிறகு அந்தப் படலை உன்ர கலியாணத்துக்கும் திறக்காது" என்றான் குகன்.

ஆகவே அன்று பின்னேரம் கிளிநொச்சிக் கடையொன்றில் பெட்டி பார்த்தோம். மற்ற ஊர்களில் மின்வேலை செய்பவர்கள் பெட்டி வாங்கும்போது பாரம், பூட்டு, பிணைச்சல் எல்லாம் பார்ப்பார்களாம். நாங்கள் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிப் பிடித்து, படலைக்கு அங்கால் நின்று பார்க்கும் ஒரு தாயின் கண்ணால் பார்த்தோம். கறுத்த நீளப்பெட்டி அருமையானது; உள்ளே துவக்கு இருக்கிறதென்று யாரும் சத்தியம் செய்வார்கள். அலுமினியப் பெட்டியோடு போனால் பிரேதப் பரிசோதனைக்கு வந்தவர்கள்போல் இருக்கும். ஆமிப் பச்சைக் கன்வஸ் பையைக் கடைக்காரர் கொழுக்கியிலிருந்து கழற்றி முடிக்கவில்லை, குகன் "வேண்டாம்" என்றுவிட்டான்.

"தம்பியவை பெட்டி வாங்க வந்தனீங்களோ, பொம்பிளை பாக்க வந்தனீங்களோ?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் குகன் எடுத்தது, சனங்கள் மா போட்டு வைக்கும் பிளாஸ்ரிக் பெட்டி. கண்ணாடிபோல் தெரியும். நீல மூடி. அமத்தினால் வளைந்தது.

"விழுந்தால் மீற்றர் முடிஞ்சுது" என்றேன்.

"ஓம்."

"மழை?"

"நனையும். ஆனால் உள்ளுக்க இருக்கிறது முழுக்கத் தெரியுது."

அடுத்தநாள் காலை அதைப் படலைக்கு மேலாக, கோயில் தட்டுப் போல இரண்டு கையாலும் நீட்டினான். சிவலட்சுமியக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அந்தக் கூர் என்ன?"

"மண்ணில ஒரு சாண் குத்துறது. அளந்து முடியப் பிடுங்கிடுவம்."

"மெசின் கத்துமோ?"

"கத்தாது. இலக்கம் மட்டும் வரும்."

"மண்ணுக்க கிடக்கிறதைக் காட்டுமோ?"

"காட்டாது அக்கா. கரண்ட் கசிஞ்சால் மண் அதை வாங்குமோ எண்டு மட்டுந்தான் பாக்கிறது."

படலை திறந்தது.

ஆவணி வெயிலில் வளவு கல்லாய்க் கிடந்தது. ஈரமாக இருந்தது ஓரிடம்தான்: கழுவுதண்ணீர் ஓடும் குசினிப் பக்கம். எர்த் கம்பியை ஈரமண்ணில் அடிக்க வேண்டும் என்று படித்த வகுப்பில் குகன் முதலாவது, நான் நித்திரை. அந்த முதலாவது ஆள் நேரே எதிர்ப்பக்க வேலி மூலைக்குப் போய், காய்ந்த மண்ணில் கம்பியை நிறுத்தினான்.

"ஏன் தம்பி அங்க? பக்கத்து வீட்டில கம்பி அடிச்சவை ஈரமான இடமெல்லே கேட்டவை?"

"இதிலயும் சரிவரும் அக்கா. தண்ணி ஊத்தி அடிப்பம். ஒண்டு காணாட்டில் இன்னொரு கம்பியும் அடிக்கலாம்."

அவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராஜினி சொல்லிப்போட்டாள், என்ன?"

குகனுக்குப் பொய் வராது. எனக்கு நன்றாக வரும். அன்று எனக்கும் வரவில்லை.

அவர் போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கம்பியடியில் ஊற்றினார். குகன் சுத்தியலை ஓங்கினான்.

"பொறுங்கோ. இதால கரண்ட் மண்ணுக்கப் போனால், அங்கால கிடக்கிற ஆளுக்கு அடிக்குமோ?"

"இல்லை அக்கா. அவ்வளவு தூரம் போகாது."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும் போகாது."

"அவளுக்குச் சத்தமெண்டாலே ஏலாது" என்றார். "மெதுவா அடியுங்கோ."

குகன் சுத்தியலை இறக்கி, கழுத்திலிருந்த துவாயை எடுத்து சுத்தியல் தலையில் சுற்றிக் கட்டினான். அப்படி அடித்தால் அந்தக் கம்பி இறங்கி முடிய மத்தியானமாகிவிடும். நான் அவரிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.