கடல் குறைக்காத மூன்று கிலோ

கப்பல் கேன்டீனில் பானு இரண்டாவது தட்டுச் சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைவதைப் பார்க்கப் பார்க்கச் சுரேந்திரனுக்கு வயிறு எரிந்தது. வெளியே கடல் குளம் மாதிரிக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் இந்தப் பாழாய்ப்போன கடல் ஒருநாளாவது இப்படி அடங்கிக் கிடந்ததுண்டா?

“போதும் புள்ள.”

“பூக் லக்தா மாஸ்டர். கப்பல் ஆடவே இல்ல, பசிக்காம என்ன செய்யும்?”

போன வருஷம் இதே கப்பலில் சித்ரா வாந்தியெடுத்தே மூன்று கிலோ இறங்கினாள். அந்தத் தைரியத்தில்தான் சென்னைக் குத்துச்சண்டைப் போட்டிக்கு ஐம்பத்துமூன்று கிலோ பானுவை ஐம்பது கிலோப் பிரிவில் எழுதிக்கொடுத்திருந்தார். அந்தமானில், கராச்சர்மாவில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவன் கப்பலை நம்பித்தான் எடை எழுதுவான். மெயின்லேண்ட்காரனிடம் சொன்னால் சிரிப்பான். உண்மையான காரணம் பயம். பானுவுக்குச் சரியான ஐம்பத்துநாலு கிலோப் பிரிவில் வடக்கத்தி நெட்டைப் பெண் ஒருத்தி இருந்தாள். வீடியோவில் அவள் கைநீளத்தைப் பார்த்ததுமே பானுவை அங்கே விடக்கூடாது என்று முடிவுகட்டிவிட்டார். ஒரு பிரிவுக்கு ஒருத்தியைத்தான் அனுப்பலாம். நெட்டைக்கு நெட்டை என்று சித்ராவை அங்கே போட்டார். சித்ராவுக்கு நேர்குத்து சுத்தம், ஆனால் எதிராளி கிட்டே வந்துவிட்டால் பதறிப்போவாள். பானு குள்ளம். உள்ளே புகுந்து விலாவில் இறக்குவதில் பிசாசு. இடதால் குத்தியதும் வலக்கையைத் தொங்கப்போடுவாள், அது ஒன்றுதான் குறை. இந்த முறை பதக்கம் வாங்கினால் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு மனுப் போடலாம். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். சின்ன உருவங்களோடு மோதட்டும், பதக்கம் எங்கே போகும் என்று நினைத்தார். பெரிய மேதாவி!

சென்னையில் இறங்கியதும், வியர்த்து எடை இறங்கட்டுமென்று, அவளுக்கு மழைக்கோட்டை மாட்டி மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சொல்லாமலே அவள் இன்னொரு சுற்று ஓடியதுதான் அவரை அறுத்தது. மறுநாள் காலை எடை சரியாக ஐம்பது. மாலையில், இரண்டாவது ரவுண்டில், அவளுக்குக் கால் ஓடவில்லை. அடி வாங்கிக்கூட விழவில்லை, நின்ற இடத்திலேயே மடங்கினாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

“தப்பு என்னோடதும்மா,” என்றார்.

“விடுங்க மாஸ்டர்.” அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அரை மணி கழித்துச் சித்ரா மேடையேறினாள். பானு துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் நிமிஷத்திலேயே சுரேந்திரன் பார்த்துவிட்டார். அந்த நெட்டைப் பெண் வலக்கையை நீட்டும்போதெல்லாம் அவளுடைய வலது விலா அப்படியே திறந்து கிடந்தது. வீடியோவில் கைநீளத்தைத்தானே பார்த்தார், விலாவை எங்கே பார்த்தார்! “உள்ள போ சித்ரா, உள்ள போ!” என்று கத்தினார். சித்ரா எட்ட நின்றே அடி வாங்கிக்கொண்டிருந்தாள். ஐயோ, உள்ளே போகத் தெரிந்தவளை அல்லவா பட்டினி போட்டுக் கொன்றேன்.

பானு இதைக் கவனித்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே திரும்பினார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மடியில் முஷ்டியாய்க் கிடந்த இடக்கை மட்டும், நெட்டைப் பெண் வலக்கையை நீட்டிய ஒவ்வொரு தடவையும், ஒரு விரற்கடை முன்னே போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.