வீரபாண்டியில் விழுந்த கோடு

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போவதென்றால் ஊரே வீரபாண்டி வழியாகத்தான் போகும். வேல்பாண்டி மட்டும் போடிக்குப் போய், தேவாரத்தைத் தொட்டு, மலையடிவாரத்தோடு சுற்றிக்கொண்டு போவான். டீசல் விற்கிற விலையில் இதென்ன கிறுக்குத்தனம் என்று கேட்டால், “அங்கன ஒரே டிராபிக்கா இருக்குதுங்க” என்பான். விடிகாலை ஐந்து மணிக்கும் அவனுக்கு அங்கே டிராபிக்தான். மூன்று வருஷமாகக் கேலி பேசிப் பேசி ஊருக்கே அலுத்துவிட்டது.

அவன் தொழில் வேகக் கார்களுக்கு இஞ்சின் டியூனிங் செய்வது. கம்பெனிக்காரன் கொடுத்த வேகம் போதாது என்கிற புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். திராட்சையும் ஏலக்காயும் நன்றாக விலைபோகிற வருஷங்களில் நம் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பார்கள். போடி ரோட்டிலிருக்கும் தன் ஷெட்டுக்கு அவர்கள் காரை வரவழைத்து, தரையில் பதித்த உருளைகளின்மேல் சக்கரத்தை ஏற்றி, நின்ற இடத்திலேயே நூற்றைம்பதில் ஓடவிட்டு, பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். காதைக் கொடுத்துக் கேட்பான். பிறகு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டில் ஒரு ஓட்டமும் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பித் தருவான்.

அந்தக் காலத்தில் ரிமோட் டியூனிங் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மூக்கு சிவந்துவிடும். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சின்னக் கருவியைச் சொருகி, நீங்கள் உங்கள் ஊரில் ஓட்டுவீர்கள். அந்த ஓட்டத்தின் விவரமெல்லாம் கோடு கோடாக ஒரு லாக்கில் பதிந்து போன் வழியே போகும். எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவன் அந்தக் கோடுகளைப் பார்த்து, இஞ்சினின் மூளையாக இருக்கிற பெட்டிக்குப் புது ஃபைல் எழுதி அனுப்புவான். இதுதான் ரிமோட். “போன்லயே பிள்ளையக் குளிப்பாட்டுவியாலே?” என்று கேட்பான் வேல்பாண்டி.

அதே வேல்பாண்டி இப்போது ரிமோட்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. உருளைகளின்மேல் தார்ப்பாய் கிடக்கிறது. பக்கத்துத் தெருக்காரன் காரானாலும் ஃபைல் போனில்தான் போகும். அடுத்தவன் காரில் அவன் உட்கார்ந்தே மூன்று வருஷமாயிற்று.

காரணம் முத்துக்குமரன். ஷெட்டில் சரிபாதிக் கூட்டாளி, டெஸ்ட் ஓட்டுகிறவனும் அவனே. மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்திரையில் தனியாக டெஸ்ட் ஓட்டப் போய், வீரபாண்டியில் வாழைத்தார் ஏற்றி நின்ற டிராக்டரில் மோதி அந்த இடத்திலேயே போய்விட்டான். டயர் வெடித்துவிட்டது என்று வேல்பாண்டி சொன்னான். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது.

ஊர் அப்படிச் சொல்லவில்லை. வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில் வரும்போது இந்தப் பக்கத்து டிரைவர்கள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பார்கள். லாரிக்காரனோ பஸ்காரனோ, எத்தனை அவசரமானாலும், ஒரு மூச்சு நேரம் காலை எடுத்துவிட்டுத்தான் மறுபடி மிதிப்பான். ஆத்தாளுக்கு அது கும்பிடு. முத்துக்குமரன் இதில் ஒருபடி மேல். காலை எடுத்ததும் கட்டைவிரலால் மிதியை லேசாக இரண்டு தட்டுத் தட்டுவான், பிறகுதான் அழுத்துவான். கம்ப்யூட்டரில் கோடு விழும், இரண்டு சின்ன மேடு தெரியும், அப்புறம் ஏறும். நூறு லாக்கில் வேல்பாண்டி அதைப் பார்த்திருக்கிறான். கையெழுத்தைத் தெரிந்து வைத்திருப்பதுபோல அந்தக் காலைத் தெரிந்து வைத்திருந்தான்.

வேக வெறியில் ஆத்தாளுக்கே காலை எடுக்காமல் போனான், அவள் சும்மா விடுவாளா என்று ஊர் பேசியது. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட வாசலைத் தாண்டியதும் அதைத்தான் பேசினார்கள். முத்துக்குமரனின் மனைவி நாகஜோதி காதில் விழாமல் இருக்குமா? ஒவ்வொரு சித்திரையிலும் திருவிழாவுக்காகக் கோயிலில் கம்பம் நட்ட அன்று அவள் வேல்பாண்டிக்குப் போன் பண்ணுவாள். ஒரே கேள்விதான்.

“அவுக அங்கன காலை எடுக்காமப் போக மாட்டாகண்ணே. எடுத்திருந்தா எப்படிண்ணே மோதியிருக்கும்?”

“டயருதான் தங்கச்சி” என்பான் வேல்பாண்டி. ஒவ்வொரு தடவையும் அதே பதில். போனை வைத்த பிறகு அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் கம்பம் நட்டு நாலாம் நாள் சின்னமனூரிலிருந்து சுரேஷ்கண்ணன் கூப்பிட்டான். இருபத்தாறு வயது, அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம், பையனுக்கு ரேஸ் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ரேஸ். காரிலிருந்த இஞ்சின் பெட்டி கெட்டுப்போய் மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் வேறு பெட்டி வாங்கி மாட்டியிருந்தான்.

“எல்லாம் அம்சமா இருக்குண்ணே. ஓரெடத்துல மட்டும் வண்டி மூச்ச விட்டுருது. ரெண்டு செகண்டு. லாக்கு அனுப்பிருக்கேன், பாருங்க.”

வேல்பாண்டி திறந்து பார்த்தான். ஆமாம், காற்று உள்ளே போகிற திறப்பின் கோடு ஓரிடத்தில் தரையைத் தொட்டிருந்தது. இடம் எது என்று பார்த்தான். வீரபாண்டி. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தம்பி, ஆத்தாளுக்குக் காலை எடுத்துட்டு வண்டியக் குறை சொல்லுதியா?”

“நான் ஏண்ணே எடுக்கேன்? ரேஸ் வண்டிண்ணே. மிதிச்ச காலை எடுக்கவே இல்ல.”

லாக்கில் கால் மிதியின் கோடு தனி, திறப்பின் கோடு தனி. வேல்பாண்டி மிதியின் கோட்டையும் வரவழைத்தான். பையன் பொய் சொல்லவில்லை. கால் முழுசாக அழுந்தியே இருந்தது. திறப்பு மட்டும் தானாக மூடியிருந்தது. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். விழுந்த கோட்டின் அடியில் இரண்டு சின்ன மேடு இருந்தது.

சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு உடம்பு குளிர்ந்துபோனது.

“அந்தப் பெட்டிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பு” என்றான். வந்தது. மூடியின் மூலையில் ரோஸ் நிற நகப்பாலிஷ் பொட்டு. வேறு யாரும் திறந்தால் தெரியட்டும் என்று நாகஜோதியின் நகப்பாலிஷை எடுத்துவந்து முத்துக்குமரன் தன் கையால் வைத்த பொட்டு அது. நொறுங்கிய காரைப் பழைய இரும்புக்குப் போட்டபோது பெட்டியும் சேர்ந்து போயிருக்கிறது, சுற்றிச் சுற்றி இங்கேயே வந்திருக்கிறது. ஆனால் பையன் பழைய ஃபைலை முழுக்க அழித்துவிட்டுத்தானே புதிது ஏற்றியிருக்கிறான்? பெட்டிக்குள் பழையது ஒரு எழுத்துக்கூட மிச்சம் இருக்க வழியில்லை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். டயர் வெடிக்கவில்லை. அன்றைக்கு ஷெட்டில் ஒரு பெரிய இடத்துப் பார்ட்டி உட்கார்ந்திருந்தார். அவரை விட்டுப் போக மனசில்லாமல் முதல்முறையாக முத்துக்குமரனைத் தனியாக அனுப்பி, வேல்பாண்டி ஷெட்டிலிருந்தே ஃபைல் அனுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் வீரபாண்டியில் கோடு விழுந்தது, டர்போவின் அழுத்தமும் விழுந்தது, பார்ட்டியிடம் காட்ட அசிங்கமாக இருந்தது. எரிச்சலில் ஒரு வரி எழுதினான்: காலை எடுத்தாலும் ஒன்றரை செகண்டு திறப்பு மூடக் கூடாது. பார்ட்டி பேசிக்கொண்டே இருந்ததால் முத்துக்குமரனிடம் அதைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வாய்தவறியாவது சொல்லியிருப்பான். ஃபைல் வாயைத் திறந்து சொல்லுமா? கடைசி லாக் மோதுகிற வரைக்கும் வந்து சேர்ந்தது. அதில் கால் எடுத்திருந்தது, இரண்டு தட்டும் தட்டியிருந்தது. திறப்பு மூடவில்லை. அந்த வேகத்தில் ஒன்றரை செகண்டு என்றால் ஐம்பது மீட்டர். அந்த லாக்கை அவன் அழிக்கவும் இல்லை, மறுபடி திறக்கவும் இல்லை.

மூன்று நாளாகச் சுரேஷ்கண்ணன் விடவில்லை. பகலிலும் ஓட்டினான், ராத்திரியிலும் ஓட்டினான், லாக் வந்துகொண்டே இருந்தது. சீலையம்பட்டியில் ஒன்றுமில்லை, கோட்டூரில் ஒன்றுமில்லை, வீரபாண்டியில் இரண்டு தட்டு. வேல்பாண்டி லாப்டாப்பை மூடிவைத்தாலும் அது கண்ணுக்குள்ளேயே நின்றது.

“ஞாயித்துக்கெழம ரேஸ்ணே. அதத் தூக்கி விட்டுருங்க. உங்களால முடியாதா?”

முடியும். ஒரே வரி. அதை எழுத மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாகஜோதிக்கும் சொல்ல வேண்டும். பழைய பெட்டி, ஏதோ கோளாறு, ரேஸ் மைதானத்தில் கோயிலா இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் அதே பழைய வரியை எழுதி அனுப்பிவிட்டான் பாவி. “மைதானத்துல மட்டும் போடு, ரோட்டுல ஓட்டாத” என்று ஒரு மெசேஜும் போட்டான்.

விடிவதற்கு முன் விழித்துப் போனைப் பார்த்தால் பதில் கிடந்தது. “ஆறு மணிக்கு வீரபாண்டிக்கு ஒரு ஓட்டம் போய்ப் பாத்துட்டுக் கெளம்புறேண்ணே. அந்த எடத்துல விழுகலைன்னாத்தான் நிம்மதி.”

வேறெங்கே பார்ப்பான்? நோவு எங்கே இருந்ததோ அங்கேதானே மருந்தைச் சோதிப்பான். வேல்பாண்டி கூப்பிட்டான், போன் எடுக்கவில்லை. லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பைக்கில் கிளம்பினான். அப்போதும் போடி வழியாகத்தான் போனான் என்பதை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

சின்னமனூர் எல்லையில் சுரேஷ்கண்ணன் காரைக் கிளப்பி நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணே, நீங்களா? நேர்லயா?”

“ஃபைல மாத்தணும் தம்பி.”

“இப்பத்தான ஏத்துனேன். ஒரு ஓட்டம் பாத்துட்டு மாத்துவோம், ஏறுங்க.”

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அதைச் சொல்லாமல், மூன்று வருஷத்துக்குப் பிறகு அடுத்தவன் காரில் ஏறி உட்கார்ந்து, கருவியின் வயரை லாப்டாப்பில் சொருகி மடியில் வைத்துக்கொண்டான். கார் கிளம்பிவிட்டது.

நல்ல ஓட்டம்தான். காலடியில் இஞ்சின் அதிருவதை உணர்ந்தபோது இதை விட்டுவிட்டு எத்தனை நாள் கோடுகளோடு குடித்தனம் நடத்தினோம் என்று அவனுக்கு அழுகையே வந்தது. சீலையம்பட்டி போனது, கோட்டூர் போனது. உப்புக்கோட்டை விலக்கு தாண்டியதும் வாயைத் திறந்தான்.

“கோயில் வருது. காலை எடு.”

“டெஸ்டுண்ணே இது.”

“எடுலே காலை.”

அந்தக் குரலைக் கேட்டுப் பையன் எடுத்துவிட்டான். கார் குறையவில்லை. அதே இரைச்சல், அதே வேகம்.

“அண்ணே, எடுத்துட்டேன். காலை எடுத்துட்டேண்ணே.”

கோயில் கம்பத்துக்கு ஊற்ற முல்லையாற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஈரச் சேலையோடு ஒரு பெண் ரோட்டின் நடுவில் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம். அவள் திரும்பவில்லை. மடியில் மிதியின் கோடு தரையில் கிடந்தது, திறப்பின் கோடு உயரத்தில் அசையாமல் நின்றது. வேல்பாண்டி அதை முன்னாலேயே பார்த்திருக்கிறான். ஒரே ஒரு தடவை.

அப்போது டிரைவர் பக்கத்துத் தரையில் சத்தம் கேட்டது. டக், டக். சுரேஷ்கண்ணனின் கால் அந்தரத்தில் நின்றது, இருவருமே அதைப் பார்த்தார்கள். யாரும் தொடாத மிதி இரண்டு தடவை அமுங்கி எழுந்தது. இரைச்சல் அப்படியே அறுந்தது. கார் பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி தொய்ந்தது, அதற்குப் பிறகுதான் பையனின் கால் பிரேக்கைக் கண்டுபிடித்தது.

அந்தப் பெண்ணுக்கும் காருக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்தது. அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள். ரோட்டில் அவள் போன வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கிடந்தது.

சுரேஷ்கண்ணன் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான்.

“நீங்க எழுதுனது வேலை செய்யலையாண்ணே?”

“செஞ்சுது” என்றான் வேல்பாண்டி. “போன தடவையும் செஞ்சுது.”

பிறகு அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொன்னான். பெட்டியைக் கழற்றித் தரச் சொன்னான். பையன் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தான், ரேஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரோஸ் பொட்டு வைத்த பெட்டி கையில் சூடாக இருந்தது. அவன் கோயில் மதிலோரம் நின்றுகொண்டு நாகஜோதிக்குப் போன் போட்டான். இந்த வருஷம் கம்பம் நட்ட அன்று அவள் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டுக் கேட்டு அவளும் விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

“சொல்லுங்கண்ணே. காலங்காத்தால?”

“தங்கச்சி, டயரு வெடிக்கல.” பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். “அவன் காலை எடுத்தான்த்தா. ரெண்டு தட்டும் தட்டுனான். எங்கிட்ட லாக்கு இருக்கு. நாந்தான் வண்டிய நிக்க விடாம எழுதி வச்சிருந்தேன்.”

வேல்பாண்டி போனைக் காதோடு அழுத்தி நின்றான். திட்டட்டும், சாபம் விடட்டும் என்று காத்திருந்தான். கடைசியில் அவள் குரல் வந்தது.

“அந்த லாக்க எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. எங்கூட வந்து வீடு வீடா நின்னு இதச் சொல்லணும். அவுக காலை எடுத்தாகன்னு சொல்லணும்.”