குளத்தின் மேல் குதிரை

“ஆலமரம் சாய்ந்தது” என்று எழுதி, அதை வெட்டினான் ரிஷிகேசன். “கலங்கரை விளக்கம் அணைந்தது” என்று எழுதினான். அதையும் வெட்டினான். கூடத்தில் அப்பா சவப்பெட்டிக்குள் கிடக்க, அவருடைய மேசையில் உட்கார்ந்து, அவருடைய சிவப்புப் பேனையால், அவரைப் பற்றி நாலு வரி எழுத இவனுக்கு வக்கில்லை. கையில் வந்த வரியெல்லாம் யாரோ யாருக்கோ எப்போதோ சொல்லி முடித்தவை.

றமணன் கதவால் தலையை நீட்டினார். அப்பாவிடம் ஆங்கிலம் படித்தவர், இப்போது மாவட்டக் கச்சேரியில் அரசாங்க அதிகாரி. நேற்றுக் காலை தன் ஆசான் விவேகானந்தன் மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் சரிந்தார் என்று கேள்விப்பட்ட நேரத்திலிருந்து, பந்தலும் வெள்ளைக் கொடியும் ஒலிபெருக்கியும் என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஓடித்திரிகிறார்.

“ரிஷி, ஐயர் கிரியையை முடிக்கப் போறார். மூண்டு மணிக்குப் பெட்டி மூடோணும். அதுக்கு முதல் நீர்தான் கடைசியாப் பேசுறீர்.”

“நான் பேசேல்லை அண்ணை. வேற ஆரும் பேசட்டும்.”

“விசர்க்கதை கதையாதையும். பெரிய எழுத்தாளர், தகப்பன்ர செத்த வீட்டில பேசாமல் இருக்கிறதே?” என்றவர், கதவைப் பாதி சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “குறை நினையாதையும், என்ர மகள் கேக்கச் சொன்னவள். ரெண்டாம் பாகம் எப்ப வரும்?”

செத்த வீட்டிலுமா! ரிஷிகேசன் தலையை ஆட்டினான். அது ஓம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டம். ஆறு வருடமாக இந்த ஆட்டத்தில் அவன் தேர்ந்துவிட்டான்.

அவனுடைய ‘மழைநாட்டு வேந்தன்’ அறுநூறு பக்க மாயாஜால நாவல். கண்டியில் வெளியிட்டுக் கொழும்பில் தீர்ந்து, சென்னையில் மூன்று பதிப்புக் கண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் பாத்திரங்களின் பெயரைத் தங்கள் பூனைக்கு வைத்தார்கள். தமிழில் இப்படியொரு கற்பனை இதுவரை வந்ததில்லை என்று எழுதினார்கள். நடை வழுக்கிக்கொண்டு போகிறது என்றார்கள். வழுக்காமல் என்ன செய்யும்? பாதை வேறொருவர் போட்டது.

இருபத்திரண்டு வயதில் நடைபாதையில் வாங்கிய ஒரு பழைய ஆங்கில நாவல் அது. எழுதியவர் அந்த ஒன்றை எழுதிவிட்டுப் பேர் தெரியாமல் போய்ச் சேர்ந்தவர். ரிஷிகேசன் ஆட்களின் பெயரை மாற்றினான். பனியை மழையாக்கினான். ஓநாயை நாகமாக்கினான். அவர்கள் சாப்பிட்ட கோதுமைப் பாணை எடுத்துவிட்டுக் குரக்கன் ரொட்டியும் தேனும் வைத்தான். மிச்சமெல்லாம் இருந்தது இருந்தபடியே. கைப்பழக்கத்துக்கு மொழிபெயர்க்கிறேன் என்றுதான் முதலில் தனக்குத்தானே சொன்னான். அச்சானபோது அதைச் சொல்வதையும் விட்டுவிட்டான். ஒரு நாள் பேராதனைப் பாலத்தில் நின்று அந்த ஆங்கிலப் புத்தகத்தை மகாவலியில் போட்டான். சனியன் தொலைந்தது என்று நினைத்தான். ஆனால் மூலத்துக்கு இரண்டாம் பாகம் இல்லை. ஆகவே இவனுக்கும் இல்லை.

ஓரிடத்தில் மட்டும் கை பிசகியிருந்தது. மூலத்தில் குளம் உறைந்து கிடக்கும். வெள்ளைக் குதிரை பனிக்கட்டிமேல் நடந்து அக்கரை போகும். பனியையெல்லாம் துடைத்தெடுத்தவன் குளத்தையும் உருக்கிவிட்டான். குதிரையை மறந்துபோனான். அது பாட்டுக்குத் தண்ணீர்மேல் நடந்தது. வாசகர்கள் சொக்கிப்போனார்கள். சென்னைப் பதிப்பின் அட்டையில் அந்தக் குதிரையைத்தான் போட்டார்கள்.

அப்பா நாவலை இரண்டு நாளில் வாசித்தார். எழுத்துப் பிழைகளைப் பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, இரவுச் சாப்பாட்டில், இடியப்பத்தில் சொதியை விட்டுக்கொண்டு கேட்டார்.

“ரிஷி, அந்தக் குதிரை எப்பிடியடா குளத்துக்கு மேல போகுது?”

“அது மாயக் குதிரை அப்பா. கற்பனை.”

“ஓ,” என்றார் அப்பா. “உன்ர கற்பனை.”

“ஓம்.”

அதற்குப் பிறகு அந்த நாவலைப் பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை.

வெளியே விறாந்தையில் யாரோ தன் பெயரைச் சொல்வது கேட்டு ரிஷிகேசன் எழுந்து போனான். தொப்பி போட்ட ஒரு நடுவயதுக்காரர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம்.

“நீங்கதானே மாஸ்டர்ட மகன்? நான் நபீல். திகனயிலேந்து வாறன். பழைய புத்தகக் கடை வெச்சீக்கிறன், டவுன்ல.” அவர் கண் கலங்கியிருந்தது. “மாஸ்டர் மவுத்தான செய்தி காலையிலதான் கெடச்சது. மனசுக்குச் சரியில்ல தம்பி. இத அவர் செல்லி வெச்சிருந்தாரு. போன கெழமதான் ஒரு பொட்டியோட வந்தது. குடுக்க முந்திப் பெய்த்தாரு.”

ரிஷிகேசன் வாங்கினான். தாள் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள்ளே இரண்டு நிலா. அவற்றின் கீழே உறைந்த குளத்தில் ஒரு வெள்ளைக் குதிரையின் கால். மகாவலியில் போட்ட அதே அட்டை.

“இது நாலாவது,” என்றார் நபீல். “மூணு ஏற்கெனவே எடுத்திட்டாரு. எங்க கண்டாலும் எனக்கு எடுத்து வைங்க, வேற ஆருக்கும் குடுத்துடாதீங்க எண்டு செல்லுவாரு. அஞ்சு வருஷத்துக்கு மேல ஈக்கும். ஒருக்கா கேட்டன், அப்பிடி என்னதான் மாஸ்டர் ஈக்கிது இதுலெண்டு. சிரிச்சிட்டு, ‘அது எங்கட வீட்டு விஷயம் நபீல்’ எண்டாரு.”

“என்ன புத்தகம்? காட்டும் பாப்பம்,” என்று பின்னாலிருந்து றமணன் கை நீட்டினார்.

“அப்பாட புத்தகம்,” என்று ரிஷிகேசன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். காது இரண்டும் சுட்டன. பார்த்தெழுதிய பிள்ளையின் விடைத்தாளை, ஐந்து வருடமாக மேசைக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறார் மனுஷன். ஐயோ, எல்லாம் தெரிந்தா அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டார்! இந்தக் காலத்தில், நாலு பட்டனைத் தட்டினால் உலகத்துப் புத்தகமெல்லாம் வந்து விழுகிற காலத்தில், கண்டியில் இருக்கிற பிரதிகளை வாங்கி வைத்துவிட்டால் மகனின் களவு மறைந்துவிடும் என்று நினைத்திருக்கிறாரே. சிரிக்கவும் முடியவில்லை அவனுக்கு.

அம்மா பத்மாதேவி பெட்டியின் தலைமாட்டில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்தாள். குனிந்து காதில் கேட்டான்.

“அம்மா, அப்பாட அலுமாரித் திறப்பு எங்க?”

பத்மாதேவி முதலில் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

“இன்னொண்டும் வந்திட்டுதே,” என்றாள்.

இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து திறப்பை எடுத்தவள், அதைக் கொடுக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“லைபிரறியில ஒண்டு இருந்தது தம்பி. எடுத்துக்கொண்டு வந்தவர், துலைச்சுப்போட்டன் எண்டு அங்க போய்ச் சொன்னவர். முப்பது வருஷத்தில ஒருநாள் பிந்திக் குடுத்த மனிசனில்லை. எனக்குத் தெரிய அவர் சொன்ன பொய் அது ஒண்டுதான். அண்டைக்குச் சாப்பிடேல்லை.”

“ஏனெண்டு நீங்கள் கேக்கேல்லையே?”

“கேட்டனான். ‘பிள்ளை வெயிலுக்க நிக்கிறான், குடை பிடிக்கிறன்’ எண்டவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உனக்கு விளங்குதோ?”

அவன் திறப்பை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனான்.

அலுமாரியின் கீழ்த்தட்டில், கோடு போட்ட போர்வைக்கு அடியில், நாலு புத்தகங்கள் இருந்தன. பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல நாலுக்கும் மண்ணிறத் தாள் உறை. நூலகத்துப் பிரதி சுத்தமாக இருந்தது. பொதுப் புத்தகத்தில் அப்பா கோடு போட மாட்டார். பொய் சொல்லி எடுத்துவந்த புத்தகத்தில்கூட. மற்ற மூன்றில் ஒன்று மட்டும் நைந்து, முதுகு வெடித்துக் கிடந்தது. ரிஷிகேசன் அதைத் திறந்தான்.

ஓரமெல்லாம் பென்சிலில் எண்கள். 14. 15. 15. 17. அவனுடைய நாவலின் பக்க எண்கள். எந்தப் பந்தி எந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்திருந்தார். பிள்ளைகளின் விடைத்தாளைச் சிவப்பால் குதறியெடுக்கிற மனுஷன், இதற்கு அழிக்கக்கூடிய பென்சிலை எடுத்திருக்கிறார். பக்கம் புரட்டப் புரட்ட எண்களும் கூடவே வந்தன. ஓர் இடமாவது தப்பியிருக்கும் என்று ரிஷிகேசன் தேடினான். கள்ளன் களவு மூட்டைக்குள் தன் சொந்தப் பொருளைத் தேடுவதுபோல அவசரமாகத் தேடினான்.

குளம் வந்த இடத்தில் எண் இல்லை. அங்கே அப்பாவின் சிறிய, சரிந்த எழுத்தில் இருந்தது: ‘குதிரை தண்ணீர்மேல் நடப்பது ரிஷியுடையது. நன்று.’

அவன் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினான். அறுநூறு பக்கத்தில் அப்பா அவனுக்குப் போட்ட ஒரேயொரு ‘நன்று’. அதுவும் அவன் சொன்ன பொய்யை நம்பிப் போட்டது. எல்லாவற்றையும் கண்டுபிடித்த அந்த மனுஷன் இதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க விரும்பவில்லையோ என்னவோ. 

“அண்ணா!” தங்கை நிவேதிகா வாசலில் நின்றாள். அழுதழுது குரல் கம்மியிருந்தது. “வாய்க்கரிசி போட வரட்டாம். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

அவன் ஐந்தையும் அள்ளிக்கொண்டு எழுந்தான். அப்போது அவன் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: பெட்டிக்குள் வைத்துவிட்டால் அப்பாவோடு எரிந்துவிடும். அப்பா தொடங்கியதை அப்பாவே முடித்து வைப்பார். ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

அரிசி போட்டான். பிறகு புத்தகங்களோடு பெட்டியின் பக்கமாகக் குனிந்தான். றமணன் சும்மா இருப்பாரா? ஒலிவாங்கியை எடுத்துவிட்டார்.

“மாஸ்டர் விரும்பி வாசிச்ச புத்தகங்களை மகன் அவரோடயே அனுப்புறார். இதைவிட ஒரு பிள்ளை தகப்பனுக்கு வேறென்ன செய்யேலும்!”

கூட்டத்தில் பெண்கள் விம்மினார்கள். யாரோ ஒருவர் “என்ன பிள்ளை!” என்றார். ரிஷிகேசன் பெட்டிக்குள் கிடந்த போர்வையின் ஓரத்தைத் தூக்கியபடி நின்றான். அப்பாவின் வலது கையின் நடுவிரலில் பேனை பிடித்த தழும்பு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் புத்தகத்தை வைக்க அவனால் முடியவில்லை. செத்த பிறகும் குடையைப் பிடி என்று அவர் கையில் கொடுப்பதா?

போர்வையை விட்டான். றமணன் ஒலிவாங்கியை அவன் வாயருகே நீட்டினார். எழுதிய தாள் மேசையில் கிடந்தது.

“அப்பா என்னட்ட ஒரு கேள்வி கேட்டவர்,” என்றான். “குதிரை எப்பிடிக் குளத்துக்கு மேல போகுதெண்டு. மாயம் எண்டு சொன்னனான். அது பொய். குளம் உறைஞ்சிருந்தது. நான் எழுதேக்க அதை எடுத்துப்போட்டன், குதிரையை எடுக்க மறந்துபோனன். அது கற்பனையில்லை, அப்பா. பிழை. மிச்சமெல்லாம் இந்தப் புத்தகத்தில இருக்கு. நீங்கள் குறிச்சு வச்சது சரி.”

ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் சும்மா இரைந்தது. “பாவம், பொடியன் குழம்பிப்போனான்,” என்று ஒரு கிழவர் சொன்னார். அம்மா மட்டும் முகத்தைத் தூக்கி, மகனின் கையில் இருந்த மண்ணிற உறைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெட்டியை மூடித் தூக்கினார்கள். முற்றத்தில் நபீல் ஓரமாக ஒதுங்கி நின்றார். ரிஷிகேசன் அவரிடம் போனான். நைந்த பிரதியையும் நூலகத்துப் பிரதியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மிச்ச மூன்றையும் நீட்டினான். உறைகளைக் கிழித்தும் விட்டான்.

“கடையில முன்னுக்கு வையுங்கோ. கேக்கிறவைக்குக் குடுங்கோ.”

“மாஸ்டர் ஆருக்கும் குடுக்க வேணாமெண்டு செல்லீக்கிறாரு, தம்பி.”

“இனிக் குடுக்கலாம்.”

நபீல் அட்டையைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார்.  பக்கத்தில் வந்து நின்ற றமணன் ஒன்றைக் கையில் எடுத்தார்.

“நான் இதை எடுக்கட்டே? மகளுக்கு.”

“எடுங்கோ அண்ணை,” என்றான் ரிஷிகேசன்.

அம்பிட்டிய வீட்டிலிருந்து வண்டி மலையிறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ரிஷிகேசன் பின்னால் பெட்டியோடு இருந்தான். றமணன் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில், மடியில் அந்தப் புத்தகத்தோடு. வண்டி கண்டிக் குளத்தைச் சுற்றி மெல்லப் போயிற்று. முன்னாலிருந்து தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒரு தாள், இன்னொரு தாள், கொஞ்சம் விரைவாக இரண்டு மூன்று. பிறகு கேட்கவில்லை. ரிஷிகேசன் பெட்டியின் கைப்பிடியில் கையை வைத்தபடி வெளியே பார்த்தான். குளம் முழுக்க மழை விழுந்துகொண்டிருந்தது.