அண்ணி எடுத்து வைத்த ஜாக்கி

அண்ணிக்கு ஒரு வியாதி உண்டு. தரையில் எது கிடந்தாலும் கை சும்மா இருக்காது. எடுத்து, துடைத்து, அதனதன் இடத்தில் வைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பாதி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தும்மினால் போதும், தும்மி முடிப்பதற்குள் அதைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். அவள் புருஷன் மூக்குக் கண்ணாடியைத் தேடாத நாளே கிடையாது. நல்ல குணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த நல்ல குணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணின் காலையே காவு வாங்கப் பார்த்தது.

அந்தப் பெண் வேறு யாருமில்லை, நாத்தனார்தான். புருஷனின் தங்கை. வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். மெக்கானிக் பட்டறைக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றபோது அண்ணன்காரன் தாம்தூம் என்று குதித்தான்.

"கை கால் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். அவளுக்கு நான் பொறுப்பு, போதுமா?" என்று நடுவில் புகுந்தவள் அண்ணி. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவன் விட்டான்.

அண்ணியிடம் ஒரு பழைய சின்ன லாரி இருந்தது. வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோவையெல்லாம் ஏற்றிப் போவாள். கொஞ்ச நாளாகப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்றது. சில்வண்டு சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"பால் ஜாயின்ட் தேஞ்சு போச்சு அண்ணி. இப்படியே ஓட்டுனீங்கன்னா ஒருநாள் சக்கரம் படுத்துக்கும். பக்கத்துலயே நீங்களும் படுத்துக்க வேண்டியதுதான்."

"வாயைக் கழுவுடி!"

பால் ஜாயின்ட் என்பது நம் தோள்மூட்டு மாதிரி. சக்கரத்தையும், வண்டிக்கு அடியிலிருந்து நீளும் இரும்புக் கையையும் இணைக்கிற உருண்டை மூட்டு. அந்தக் கையின் மேல் ஒரு தடித்த ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. மூட்டைக் கழற்றும்போது கையைக் கீழேயிருந்து எதுவும் தாங்காவிட்டால், ஸ்பிரிங் விடுபட்டு எதிரில் இருப்பவரைப் பதம் பார்த்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் வேலை தொடங்கியது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு இரும்பு ஸ்டாண்டின் மேல் நிறுத்தினாள் சில்வண்டு. தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. சக்கரத்தைக் கழற்றினாள். பிறகு ஜாக்கியை அந்த இரும்புக் கைக்கு அடியில் தள்ளி முட்டுக் கொடுத்தாள். மூட்டின் நட்டை நாலைந்து சுற்றுத் தளர்த்திவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"முழுசா கழட்டிட்டா சீக்கிரம் முடியும்ல?" என்றாள் அண்ணி.

"மாட்டேன். மூட்டு விடுபடுற வரைக்கும் நட்டு நுனியில இருக்கணும். பட்டறையில எனக்கு முதல்ல சொன்னதே அதான்."

"தம்மாத்தூண்டு நட்டுக்கு என்னா மரியாதை!"

"உங்க வீட்டுக்காரரை விட அதுக்குத்தான் பொறுப்பு ஜாஸ்தி அண்ணி."

இருவரும் சிரித்தார்கள். பட்டறைக் கதை, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் பேசிய சில்வண்டு, ஜாக்கி எதற்காக அங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. இறுகிக் கிடந்த மூட்டைத் தட்டி விடுவிக்கப் பெரிய சுத்தியலை எடுத்து வர உள்ளே போனாள்.

அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கினாள். எண்ணெய்த் துணியை மடித்தாள். அடுத்து ஜாக்கி கண்ணில் பட்டது. வண்டியைத்தான் ஸ்டாண்டு தாங்குகிறதே, இது எதற்குக் காலை இடறிக்கொண்டு? பிடியைத் திருகினாள். ஜாக்கி இறங்கும்போது வண்டி லேசாக முனகியது. கிழட்டு வண்டி முனகாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டே ஜாக்கியை இழுத்துப் போய்ச் சுவரோரம் வைத்தாள்.

சில்வண்டு பேசிக்கொண்டே வந்தாள், பேசிக்கொண்டே உட்கார்ந்தாள், ஒரு காலை இரும்புக் கைக்கு அடியில் நீட்டினாள். குனிந்து பார்க்கவில்லை. வைத்தது வைத்த இடத்தில்தானே இருக்கும் என்ற நினைப்பு. யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டாள் பாவம்.

சுத்தியல் விழுந்தது. மறுபடி விழுந்தது. மூன்றாவது அடியில் வெடி வெடித்தது போல் ஒரு சத்தம். இரும்புக் கை சடாரென்று இறங்கி, அவள் முழங்காலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

சில்வண்டின் வாய் முதல்தடவையாக மூடியது. மெல்லக் காலை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "அண்ணி... ஜாக்கி எங்க?"

அண்ணி சுவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான்... சும்மா நிக்குதேன்னு..."

நுனி மரையில் தொங்கிக்கொண்டிருந்த அந்தத் தம்மாத்தூண்டு நட்டுதான் அவ்வளவு பெரிய ஸ்பிரிங்கையும் இழுத்துப் பிடித்திருந்தது. அண்ணிக்கு விஷயம் புரிந்தது. ஓடி வந்து சில்வண்டின் காலைத் தடவிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், ஒவ்வொரு விரலாக ஆட்டிப் பார்த்தாள்.

"அந்தக் காலு இல்ல அண்ணி, இந்தக் காலு" என்றாள் சில்வண்டு. போன வாய் திரும்பி வந்துவிட்டது. அண்ணிக்கு அப்போதுதான் உயிரே வந்தது. இரண்டு காலையும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க. நானும் குனிஞ்சு பாத்திருக்கணும். எந்திரிச்சு ஜாக்கியைக் கொண்டாங்க."

எட்டி நின்றபடியே ஜாக்கியை உள்ளே தள்ளி, மறுபடி கையைத் தாங்கி நிறுத்திய பிறகுதான் சில்வண்டு நட்டைத் தொட்டாள். மெல்ல மெல்ல இறக்கினாள், ஸ்பிரிங் சாதுவாக வெளியே வந்தது. பழைய மூட்டை அமுக்கித் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்றி, நட்டை முறுக்கி, அது கழலாமலிருக்க இரும்புப் பின் மாட்டி, கிரீஸ் அடித்தாள். அடுத்த பக்கமும் அப்படியே. அவ்வளவு நேரமும் அண்ணி எட்ட இருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஜாக்கிக்குக் காவல் இருந்தாள். சுற்றிலும் ஸ்பேனர், துணி, டீ டம்ளர் எல்லாம் இறைந்து கிடந்தன. ஒன்றையும் அவள் தொடவில்லை.

தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். பெரிய பள்ளமாகப் பார்த்து இறக்கினாள் அண்ணி. ஒரு சத்தம் இல்லை.

"நாளைக்கு வீல் அலைன்மென்ட் மட்டும் பாத்துருவோம்" என்றாள் சில்வண்டு.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். பின்கட்டுக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் தரையில் ஒரு துரும்பு கிடந்து அவன் பார்த்ததில்லை.

"ஐயையோ! என்னடி ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?" என்று அலறினான்.

படியில் சில்வண்டின் பக்கத்தில், அவள் முழங்காலில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலங்க" என்றாள். சொன்னது போதாமல் இன்னொரு தடவையும் சொன்னாள். "ஒண்ணுமே ஆகல."