வேலை செய்யாத தாளம்

தலைமாட்டு விளக்கைக் கொஞ்சம் நகர்த்திவைத்துவிட்டு, அபிலாஷ் தன் போனை அப்பாவின் கீபோர்டில் இணைத்தான். முந்தின நாள் நெஞ்சுவலியில் போன விஜயகுமாரைச் சுற்றி வலியசாலைத் தெருவே உட்கார்ந்திருந்தது. பதிகம் கேட்க வீட்டில் வேறு ஸ்பீக்கர் இல்லை. அவசரத்தில் விரல் எங்கோ பட, டும் டக் டும் டக்கென்று ஒரு குத்துத்தாளம் கிளம்பி சாவு வீட்டைத் தூக்கிப் போட்டது.

"ஐயோ, ஓஃப் பண்ணு மோனே!" என்று யாரோ பதறினார்கள். அவன் பிளக்கைப் பிடுங்கினான்.

அவன் அம்மா ஷைலஜா மட்டும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல தாளம் கேடாயிருக்குல்லா?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்து வாங்கிய நாளிலிருந்தே கேடுதான். கோயில் கானமேளாக் கச்சேரிகளில் அவள் பாட்டு, கணவர் கீபோர்டு, கூட்டாளி தளவாய் தபலா. பொத்தானைத் தட்டினால் பெட்டியே தபலா வாசிக்குமே, எதற்கு வீணாக இன்னொரு ஆள் என்று கமிட்டிக்காரர்கள் கேட்டால், தாளம் கேடு என்று விஜயகுமார் கையை விரிப்பார். மற்ற குழுக்கள் எல்லாம் பெட்டித் தாளத்துக்கு மாறியபோது, நாம் மட்டும் இப்படியே கிடக்கிறோமே என்று ஷைலஜா அவரைப் பிடுங்கி எடுத்திருக்கிறாள். சாலைக் கடைத்தெருவில் ரிப்பேருக்கு ஆள் இருக்கிறான், ஒரு நடை கொண்டுபோனால் என்ன? "ஆகட்டும்" என்பார். அந்த ஆகட்டும் கடைசிவரை ஓடியது.

வாசலோரம் நின்ற தளவாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேடொண்ணும் இல்ல மதினி. அண்ணன் சும்மா சொன்னது."

"உம்ம சோலி போயிரக் கூடாதுன்னா?"

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். கேட்டேன். 'போடே, உனக்காவ ஒண்ணுமில்ல. ஷைலு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இழுப்பா. நல்ல இடம் வந்தா அங்கியே நின்னு சுத்துவா. நீ நிப்ப, பெட்டி நிக்குமா? ரெண்டே மாசத்துல அவளும் பெட்டிக்காவப் பாடப் பழகிருவா. பெறவு அவ பாட்டு எங்க?'ன்னாரு."

மேடையில் கற்பனை ஊற்றெடுத்த இரவுகளையெல்லாம் தன் சாமர்த்தியம் என்றே அவள் நினைத்திருந்தாள். சாமர்த்தியம்தான். ஆனால் அதற்கு இடம் விட்டு, பக்கத்தில் ஒரு மனிதர் பொய் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். அவளுக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

"கள்ளன்," என்றாள் அந்த முகத்தைத் தடவி.

தைக்காட்டுச் சுடுகாட்டுக்குப் போக வண்டி வந்தது. அபிலாஷ் மறுபடியும் போனை எடுத்தான்.

"வேண்டாம் மக்கா. நான் பாடுதேன்."

குழுக்காரர்கள் தூக்கினார்கள். முன்னால் தளவாய். ஷைலஜா பதிகத்தை எடுத்தாள். முதல் அடி சுத்தமாக வந்தது. இரண்டாவது அடியின் நடுவில் பாட்டு நின்றது.

தளவாய் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். தெருவில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் மூச்சை இழுத்துக்கொள்ளும்வரை, தோளில் பாரத்தோடு, யாரும் அசையவில்லை.